கரையைப் பார்க்காதே

எங்கள் படகு இருவர் படகு. பின்னால் உட்காருபவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். முன்னால் உட்காருபவர் சின்னப் பாயின் கயிற்றைக் கையில் வைத்திருப்பார். காற்று வலுத்தால் இருவரும் ஒரே விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீருக்கு மேல் முதுகைச் சாய்த்துப் படகு கவிழாமல் பிடிக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பின்னால் உட்காருபவன் நான். முன்னால் உட்காருபவள் என் மனைவி. இந்த ஆவணியில் வந்த கடைசிப் போட்டிக்கு அவள் என்னோடு படகில் ஏறுவாளா என்பது ஒரு வாரம் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அந்த வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மைசூரில் படகுப் போட்டியா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கண்ணம்பாடி அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டினால் அப்புறம் கேட்க மாட்டார்கள். ஓரிடத்தில் அது நிலத்துக்குள் வளைந்து வந்து ஒரு சின்ன விரிகுடாவைப் போல் கிடக்கிறது. ஆனியில் தொடங்கும் மேல்காற்று ஆவணி முடியும் வரை அதன் மேல் ஓயாமல் வீசும். வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுகிறோம். பல் டாக்டர் ஒரு அம்மா, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர் என்று எல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள். ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் போட்டியை நடத்துவார். பரிசு ஒரு பித்தளைக் கிண்ணம். அதையும் அடுத்த ஆண்டு துலக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குரலை உயர்த்தாதவன் என்று எனக்குப் பெயர். ஒரு பொருளைத் திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் காரணத்தை நிதானமாகச் சொல்லித்தான் அனுப்புவேன். வீட்டிலும் அப்படித்தான். செருப்பு அதனதன் இடத்தில் இருக்கும், செய்தித்தாள் மடித்தபடி இருக்கும், பேச்சும் அளவாக இருக்கும். படகில் ஏறிக் கரையை விட்டு விலகியதும் எனக்குள் இருந்து வேறொரு ஆள் எழுந்து வருவான்.

அவனுடைய பேச்சை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் மற்றதற்குப் பொருளில்லை. “இழுடி, தூங்கறியா?” என்பது சாதாரணம். படகு திரும்பும்போது சின்னப் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்ற அவள் கொஞ்சம் தாமதித்தால், “மாட்டுக் கயிறுன்னு நெனச்சியா? ராமாபுரத்துலயே இருந்து எருமை மேய்ச்சிருக்கலாம் நீ” என்பேன். என் மனைவி ராமாபுரத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண். அவள் அப்பாவிடம் எருமை கிடையாது. மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிறவர். நாற்பது வயதுக்கு மேல் இந்தப் படகுக்காகவே நீச்சல் கற்றுக்கொண்டவள் அவள். கயிற்று முடிச்சுகளில் என்னைவிடக் கை தேர்ந்தவள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கத்தியது இதைத்தான்: “கயித்தப் பாரு, கரையைப் பாக்காத!”

கரைப்பக்கம் வரும்போதெல்லாம் அவள் ஒரு முறை திரும்பிக் கரையைப் பார்ப்பாள். சரியாகப் பாயை மாற்ற வேண்டிய நேரத்தில் பார்ப்பாள். எனக்கு அது பொறுக்காது. கவனம் இல்லாதவள் என்று முடிவு கட்டியிருந்தேன். கத்துவது எல்லாம் தமிழில்தான். கிளப்பில் எல்லோரிடமும் கன்னடத்தில் பேசுகிற நான் அவளிடம் மட்டும் தமிழ் பேசுவேன். தண்ணீருக்கு நடுவில், அதுவும் தமிழில் பேசுவது, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைப் போலத்தான் என்று நினைத்திருந்தேன்.

கடைசிப் போட்டிக்கு முந்தின ஞாயிறு எனக்குக் கரை வேலை வந்தது. எங்கள் கிளப்பில் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு நாள் போட்டியில் கலந்துகொள்ளாமல், கொடி ஏற்றவும் ஊதல் ஊதவும் உதவ வேண்டும். முன்பு என் முறை வந்தபோதெல்லாம் மேற்கே தூரத்தில் படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவைக்குப் பக்கத்தில் நிற்கும் மோட்டார் படகில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எஞ்சின் சத்தம்தான் கேட்கும். இந்த முறை முழங்காலில் கொஞ்சம் வலி. கர்னல் என்னைக் கரையில், தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பல் டாக்டர் அம்மாவின் மகன் படிக்க வெளிநாடு போய்விட்டதால் அவர் படகில் முன்னிருக்கைக்கு ஆள் இல்லை. “இன்னிக்கு உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் கடன் கொடுங்க சார்” என்றார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதுகிறேன், பாருங்கள். அவளிடம் நான் கேட்கக்கூட இல்லை. அவள் ஏற்கெனவே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

போட்டி தொடங்கியது. வங்கி அதிகாரிக்குத் தோள்பட்டை சரியில்லாததால் அவரும் மனைவியும் கரையிலேயே இருந்தார்கள். அந்த அம்மா ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, ஒரு டப்பாவில் மத்தூர் வடையை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரிலிருந்து ஒரு குரல் என் காதருகில் பேசுவது போலக் கேட்டது.

“நீனே ஹோகு!”

நீயே போ என்கிற மரக்கடைத் தம்பியின் குரல். அம்மாவைக் கண் டாக்டரிடம் இந்த முறை யார் கூட்டிப்போவது என்று அண்ணனும் தம்பியும் படகில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படகு வெகு தூரத்தில் ஒரு வெள்ளை முக்கோணமாகத் தெரிந்தது. ஆனால் போன முறை யார் போனது, அன்று டாக்டர் என்ன சொன்னார், தம்பி மனைவி அதற்கு என்ன சொன்னாள் என்பது வரை ஒரு சொல் விடாமல் கேட்டது. கரையில் இருந்தவர்கள் வடையை மென்றபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு தெளிவாவா கேக்கும்?” என்றேன்.

“காத்து இந்தப் பக்கம்தானே சார் அடிக்குது. எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து கொடுத்துரும்” என்றார் வங்கி அதிகாரி. “இது நம்ம சண்டே ரேடியோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நானேதான் கேட்டேன். “எந்தப் படகு நல்லாக் கேக்கும்?”

கர்னல் பைனாகுலரை எடுத்து, படகே இல்லாத ஒரு திசையைப் பார்க்க ஆரம்பித்தார். வங்கி அதிகாரியின் மனைவி, “இன்னொரு வடை தகொள்ளி சார்” என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். என் கையில் ஏற்கெனவே ஒரு வடை இருந்தது.

வங்கி அதிகாரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “உங்களது தமிழ் ஸ்டேஷன் சார். சிக்னல் ஸ்ட்ராங்கு.”

“ரீ, சும்னெ இரி” என்று மனைவி அவர் முழங்கையைத் தட்டினார்.

“தமிழ்ல பேசுறது உங்களுக்கு…” என்று இழுத்தேன்.

“மைசூர்ல தமிழ் புரியாதவங்க யாரு சார்?” என்றார் அவர். “இவ அம்மா ஊரே சேலம்.” அதற்குப் பிறகு, பேச்சை லேசாக்க நினைத்தோ என்னவோ, கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்து மெதுவாக, “கரையெ பாக்காதே!” என்றார்.

என் குரல்தான் அது. ஏற்ற இறக்கம்கூடத் தப்பவில்லை. பல முறை சொல்லிப் பார்த்த ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். பின்னால் கயிறு சுற்றிக்கொண்டிருந்த யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். கிளப்பில் அது ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காபியை யாராவது சிந்தினால், கார் சாவியைத் தொலைத்தால், ஒருவரை ஒருவர் அப்படித்தான் கிண்டல் செய்துகொள்வார்களாம். நான் பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.

டாக்டர் அம்மாவின் படகு கரையோரமாக வந்தது. என் மனைவி விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படகு திரும்பும்போது கயிறு எங்கோ சிக்கிக்கொண்டது. பாய் படபடவென்று அடித்தது. இதே இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். டாக்டர் அம்மா, “பரவாயில்ல, மெதுவா எடுங்க, நான் வெயிட் பண்றேன்” என்றார். கயிற்றை விடுவித்தபடி என் மனைவி ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். படகில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அந்த நேரத்தில் கரையில் எல்லோருடைய தலையும் ஒன்றாகப் படகின் பக்கம் திரும்பியதைக் கவனித்தேன். குரல் கேட்டால் திரும்புவது இயல்புதானே. இரண்டு பருவமாக அவள் கண்டது இதைத்தான். நான் கத்துவேன். கரையில் வடை தின்றுகொண்டிருக்கும் முகங்கள் எல்லாம் ஒன்றாக அவள் பக்கம் திரும்பும். அதைத்தான் அவள் பார்த்தாள். அதற்கும் சேர்த்து நான் கத்தினேன்.

அந்த வடையைப் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. அன்றைய என் நாட்குறிப்பில் காற்றின் திசையும் படகுகள் வந்து சேர்ந்த வரிசையும் மட்டும்தான் இருக்கின்றன.

வீட்டுக்குத் திரும்பும்போது மேட்டகள்ளி சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றதும் கேட்டேன்.

“நான் கத்துறது கரைக்கெல்லாம் கேக்குமாமே?”

“கேக்குமுங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“முன்னாடி உக்காந்தா கரை நல்லாத் தெரியுமுங்க. நீங்க பாயைப் பாப்பீங்க. நான் அவங்க மூஞ்சியைப் பாப்பேன்.”

“அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேனுங்க.”

நான் அதை எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்தே, அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே நான் அவளைத் திட்டுவதாக அவள் இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து, சப்பாத்தி சுட்டுக் கட்டிக்கொண்டு, என்னோடு வந்திருக்கிறாள்.

“சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்துவேனா?” என்றேன்.

“அப்ப யாருக்கும் கேக்காதுன்னா கத்தலாமுங்களா?”

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. நான் கியரைத் தேடினேன்.

“அவங்களுக்குக் கேட்டுச்சுன்னு இன்னிக்கு மூஞ்சி இப்படிப் போச்சு உங்களுக்கு” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நான் முன்னாடியேதானே உக்காந்திருந்தேன். எனக்கு எப்பவும் கேட்டுச்சே.”

இதற்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டும். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தப்புதான். மன்னிச்சுக்க. அடுத்த ஞாயிறு வருவியில்ல?” என்றேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

அவள் லேசாகச் சிரித்தாள். “கிண்ணத்துக்காகவுங்களா?”

“அதில்ல…”

“டாக்டரம்மா கேட்டாங்க. வரேன்னு சொல்லிட்டேன்.”

“எப்போ?”

“இன்னிக்குத்தான். தண்ணியில.”

அது மட்டும் கரைக்குக் கேட்கவில்லை. மெதுவாகப் பேசினால் கேட்காது போலிருக்கிறது.

அந்த வாரம் நான் வீட்டில் நடந்துகொண்ட விதம் இன்னும் வெட்கக்கேடு. தட்டை நானே கழுவினேன். அவள் பேசி முடிக்கும் வரை காத்திருந்து பேசினேன். தண்ணீர் டம்ளரைக்கூடச் சத்தம் இல்லாமல் மேசையில் வைத்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள், “ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரி இருக்குதுங்க. சாதாரணமா இருங்க” என்றாள். சாதாரணமாக என்றால் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நான் எப்போதுமே கத்தாதவன்தானே.

இத்தனைக்கும் இடையில் கடைசிப் போட்டி மனதை விட்டுப் போகவில்லை. போன ஆண்டு அந்தக் கிண்ணம் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. கடைசி மிதவையில் தவறவிட்டோம். தவறவிட்டது நான். மிதவையை ஒட்டித் திருப்பப் போய் அதில் இடித்தேன். மிதவையைத் தொட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், தானே ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எங்கள் போட்டியில் நடுவர் கிடையாது. தப்பைச் செய்தவனே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டின் விதி. அந்த வட்டத்தை நான் ஒழுங்காக அடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த வட்டம் முழுவதும் அவளைத் திட்டிக்கொண்டே அடித்தேன் என்பதை இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்னிருக்கைக்கு ஆள் வேண்டும் என்று கிளப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். யார் இப்படிக் கேட்டாலும் உடனே நாலு பேர் நான் நீ என்று வருவார்கள். நான் கேட்டதற்கு ஒருவர் முதுகுவலி என்றார். ஒருவர் மாமனார் வீட்டில் விசேஷம் என்றார். வங்கி அதிகாரி கை கூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். பிறகு குழு அமைதியானது. எல்லோரும் படித்திருந்தார்கள் என்பது அந்த நீல அடையாளங்களில் தெரிந்தது.

சனிக்கிழமை கர்னலுக்குப் போன் செய்து, என் படகு வராது, கரை வேலைக்கு ஆள் வேண்டுமானால் வருகிறேன் என்றேன். “வாங்க. ஊதல் நீங்க ஊதுங்க” என்றார். வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவளைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது; விட்டுவிட்டு மரத்தடியில் காருக்குள் உட்கார்ந்திருப்பது அதைவிட அசிங்கமாகப் பட்டது.

ஞாயிறு காற்று அந்தப் பருவத்திலேயே அதிகம். தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை உடைந்தது. எங்கள் படகு தார்ப்பாய் போர்த்திக் கரையில் கிடந்தது. தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்ததால் நான் போய் இன்னொரு கயிறு போட்டுக் கட்டினேன். திரும்பிப் பார்த்தபோது டாக்டர் அம்மாவின் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தார்கள். டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். சுக்கான் என் மனைவியின் கையில் இருந்தது.

இரண்டு பருவத்தில் ஒரு முறைகூட நான் அதை அவள் கையில் கொடுத்ததில்லை. ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டதுகூட இல்லை.

அவர்கள் நன்றாகத்தான் போனார்கள். முதல் மிதவையை மூன்றாவதாகச் சுற்றினார்கள். இரண்டு படகுகள் கவிழ்ந்தன. மரக்கடைச் சகோதரர்களின் படகு அவற்றில் ஒன்று. கவிழ்ந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டும் அவர்கள் சண்டை போட்டது கேட்டது. கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

கடைசிச் சுற்றில் டாக்டர் அம்மாவின் படகு கரையை நெருங்கி வந்தது. இந்த இடத்தில் திரும்பினால் நேரே முடிவுக் கோடு. டாக்டர் அம்மா கரையில் யாரையோ பார்த்துக் கையசைத்தார். பாயை மாற்ற வேண்டிய நேரம் அது.

“கயித்தப் பாருங்க, கரையைப் பாக்காதீங்க!”

என் மனைவியின் குரல். காற்று அதை அப்படியே கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தது.

கரை முழுக்க ஒரே சிரிப்பு வெடித்தது. வங்கி அதிகாரி தொடையில் அடித்துக்கொண்டார். பிறகு நான் அங்கே உட்கார்ந்திருப்பது ஒவ்வொருவராக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வரிசையாக அணைந்தது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“அய்யோ, உங்க வீட்டுக்காரர் மாதிரியே கத்துறீங்க” என்று டாக்டர் அம்மாவின் குரல் கேட்டது. அவருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

“சாரிங்க, சாரிங்க. வாய்ல வந்துருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள் என் மனைவி. பிறகு, மெதுவாக, ஆனால் அதுவும் கேட்டது: “இனிமே கத்த மாட்டேங்க.”

ஒரு முறை கத்தியதற்கு இத்தனை முறை சாரி சொன்னாள்.

படகு கோட்டைக் கடந்தது. ஊத வேண்டியவன் நான். ஊதலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்னல் முழங்கையால் மெல்ல இடித்தபிறகு ஊதினேன். மூன்றாவது இடம். சற்றுத் தாமதமாக ஊதப்பட்டதால் அவர்களுக்கு நேரத்தில் கொஞ்சம் நஷ்டம் என்று கர்னலிடம் சொன்னேன், அவர் திருத்திக்கொண்டார்.

படகு கரைக்கு வந்தபோது முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி அதன் மூக்கைப் பிடித்தேன். அலை என் சட்டை வரை அடித்தது. டாக்டர் அம்மா என்னைப் பார்க்காமல் இறங்கி, பாயைச் சுருட்டுவதில் மும்முரமானார். என் மனைவி சுக்கானைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

“கேட்டுச்சுங்களா?” என்றாள்.

“கேட்டுச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

கரையில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். காற்று அவர்கள் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. அடுத்து நான் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் அவர்களுக்குப் போய்ச் சேரும். சொல்ல வேண்டியது என்னிடம் இருந்தது; காரில் அவசரமாகச் சொல்லிக் கெடுத்த அதே சொல். இந்த முறை அதற்குப் பின்னால் கேட்க எனக்கு எதுவும் இல்லை; பருவம் முடிந்துவிட்டது. அவர்களுக்கும் கேட்கும்படி அதைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வங்கி அதிகாரி நாங்கள் நின்ற பக்கம் தலையைத் திருப்புவது தெரிந்தது.

நான் கரையைப் பார்த்துவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நனைந்த கயிற்றைச் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள். நான் அதைப் பிழிந்து, வட்டம் வட்டமாக, ஒரே அளவாகச் சுற்றிக்கொண்டு நின்றேன்.